பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்: லோடு வண்டியில் டைமிங் வேலை

லோடோடு போய்க்கொண்டிருக்கும் பிக்கப் சட்டென்று ஆஃப் ஆகிறது. ஓரங்கட்டிவிட்டு செல்ஃப் அடித்தால் இன்ஜின் வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் இன்னொரு தடவை சாவியைத் திருப்பாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம். அது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது, இல்லாத சுற்றல். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், பெல்ட்டின் பல் உரிந்திருக்கலாம், செயின் தாவியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் நீங்கள் செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் மேலே வந்து, திறந்தபடி நிற்கும் வால்வை இடிக்கிறது. அறுந்த நொடியில் இரண்டு வால்வு வளைந்ததோடு நின்றிருக்கக்கூடிய சேதம், அடுத்த மூன்று செல்ஃபில் வால்வு கைடு, ராக்கர், பிஸ்டன் தலை வரை போய்விடும். கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் செலவு பெரிதில்லை.

டீசல் இன்ஜினில் இந்த இடி ஏன் இவ்வளவு நிச்சயம் என்றால், கம்ப்ரஷன் 14க்கு 1 முதல் 22க்கு 1 வரை தேவைப்படுகிறது. அதற்காக, பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடம்தான் விட்டிருப்பார்கள். வால்வோ 8, 9 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் வேறு வேறு நேரத்தில் வந்துபோகிறார்கள். அந்த நேரத்தைப் பிரித்து வைத்திருப்பது பெல்ட், இல்லாவிட்டால் செயின். பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கிற தண்டு கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு இரண்டு மணி நேரம் 2000 ஆர்.பி.எம்.மில் வந்தால் கிராங்க் 2,40,000 சுற்று சுற்றியிருக்கும். அத்தனை சுற்றிலும் ஒரு பல்கூடத் தவறக் கூடாது. கேம் புல்லியில் 40 பல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தாவியது கேமில் 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. ஒரு பல்லுக்கு ஸ்டார்ட்டிங் கஷ்டமும் புகையும் இழுவைக் குறைவும் வரும். இரண்டாவது பல்லில் பெரும்பாலும் இடிதான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜின் முன்பக்கம் பிளாஸ்டிக் கவர் போட்டு, சின்ன போல்ட்டுகளோ கிளிப்போ மாட்டி, உள்ளே காய்ந்து இருந்தால் பெல்ட். அலுமினியக் கவர் போட்டு, பேஸ்ட்டோ கேஸ்கெட்டோ வைத்து ஆயில் வெளியே வராதபடி அடைத்திருந்தால் உள்ளே செயின் அல்லது கியர். வண்டியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் வண்டியிலேயே வருஷம் மாறினால் இன்ஜின் மாறியிருக்கும். ஒரே கம்பெனிக்குள்ளேயும் அப்படித்தான்: டொயோட்டாவின் பழைய கேடி டீசல் இன்ஜினில் பெல்ட், 2022இல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்ஜினில் செயின். அந்தப் பழைய இன்ஜின் வண்டிகளில் குறிப்பிட்ட கிலோமீட்டர் ஆனதும் டாஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியும். அந்த விளக்குக்குக் கண் கிடையாது. அது கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிறது. ஆயிலில் ஊறி அறுகிற நிலையில் பெல்ட் இருந்தாலும் அது எரியாது.

பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது? இன்ஜினைப் பொறுத்து 60,000இலிருந்து 1,50,000 கி.மீ. வரை கம்பெனிகள் சொல்கின்றன. கூடவே ஒரு வருஷக் கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அது. வண்டியின் ஓனர் மேனுவலில் உள்ள எண்தான் உங்கள் எண். ஆனால் அந்த அட்டவணையிலேயே கடினமான உபயோகம் என்று இன்னொரு கட்டம் இருக்கும்: தூசி, மலை ஏற்றம், முழு லோடு, அடிக்கடி நின்று ஓடுவது. மதுரையைச் சுற்றி ஓடுகிற லோடு வண்டிக்கு இந்த நாலும் பொருந்தும். மேலூர்ப் பக்கம் குவாரித் தூசி, கொடைக்கானலுக்கும் குமுளிக்கும் ஏற்றம், மே மாத வெயில், பரவை மார்க்கெட் வாசலில் இறக்குவதற்காக ஆஃப் பண்ணாமல் காத்திருப்பது. காத்திருக்கும் நேரத்தில் ஓடோமீட்டர் ஓடாது, பெல்ட் ஓடும். ஒரு மணி நேர ஐடிலுக்குச் சுமார் 40 கி.மீ. என்று கூட்டிக்கொள்வது வழக்கமான கணக்கு. தினம் இரண்டு மணி நேரம் அப்படி நிற்கும் வண்டிக்கு, மாசம் 25 நாளில் 2,000 கி.மீ. கணக்கில் வராமல் ஓடியிருக்கும். வருஷத்துக்கு 24,000. மேனுவல் 1,00,000 என்று சொன்னால் அப்படிப்பட்ட வண்டியில் 70,000இல் நான் கவரைக் கழற்றச் சொல்வேன்.

பெல்ட் தானாக, வயசாகி அறுவது குறைவு. பக்கத்தில் இருப்பவைதான் அதைக் கொல்கின்றன. அவற்றில் நம்ம ஊரில் அதிகம் கவனிக்காமல் விடுவது டீசல் ஸ்பிரே. வாட்டர் வாஷ் முடிந்ததும் இன்ஜின் பளபளப்பாக இருக்கட்டும் என்று கம்ப்ரசரில் டீசலை அடிக்கிறார்கள். அது பிளாஸ்டிக் கவரின் விளிம்பு வழியாக உள்ளே போய் பெல்ட்டில் படிகிறது. பெல்ட்டின் உடம்பு ரப்பர், உள்ளே இழுவையைத் தாங்குவது கண்ணாடி நார் கயிறு, பல்லின் மேல் நைலான் துணி. டீசலும் ஆயிலும் பட்ட ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகி, துணியையும் நாரையும் பிடித்துக்கொள்ளும் பலத்தை இழக்கிறது. அதன் பிறகு பல் வேரோடு உரியும். "அண்ணே, இன்ஜினுக்கு டீசல் அடிக்க வேண்டாம், தண்ணியும் முன்பக்கம் பிரஷராக அடிக்காதீங்க" என்று வாஷ் பண்ணுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது ஆயில் சீல். கேம் சீலும் கிராங்க் முன் சீலும் பெல்ட்டுக்கு நேர் பின்னால் இருக்கின்றன. சீல் கசிந்தால் அதன் முதல் சொட்டு விழுவது பெல்ட்டில்தான். கவரின் கீழ் விளிம்பில் கறுப்பு ஈரமும் அதில் ஒட்டிய மண்ணும் தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். மூன்றாவது, கவரே இல்லாமல் ஓட்டுவது. ஒரு தடவை வேலை பார்த்தபோது ஆறு போல்ட்டில் நாலைப் போட்டு, அடுத்த தடவை இரண்டைப் போட்டு, கடைசியில் உடைந்த கீழ்க் கவரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஜல்லி ரோட்டில் தெறிக்கும் ஒரு பட்டாணி அளவுக் கல், பெல்ட்டுக்கும் கிராங்க் புல்லிக்கும் நடுவில் சிக்கினால் போதும். வைக்கோல் ஏற்றுகிற, தோட்டத்தில் நிற்கிற வண்டிகளில் எலியும் அந்தத் திறந்த வழியாக வரும்.

பெல்ட்டைப் பார்ப்பது எப்படி? மேல் கவரை மட்டும் கழற்றினால் பாதி தெரியும். முதுகை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பல் பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் பல்லின் உச்சி அல்ல, வேர். இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள பள்ளம் பல்லைத் தொடும் மூலையில், தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடும். விரல் நகத்தை அதன் மேல் இழுத்தால் நகம் லேசாகத் தட்டும். அந்தக் கோடு இருந்தால் பெல்ட் முடிந்தது. விளிம்பில் வெள்ளை நூல் தெரிந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடி உரசியிருக்கிறது: பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லர் அல்லது வாட்டர் பம்ப் பேரிங் சாய்ந்திருக்கும். முதுகு கண்ணாடி மாதிரி பளபளத்து, நகத்தால் அழுத்தினால் தடம் விழாவிட்டால் சூட்டில் இறுகிவிட்டது. கவருக்குள் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் ஏதோ ஒன்று உரசுகிறது. பச்சையோ சிவப்போ காய்ந்த கறை இருந்தால் வாட்டர் பம்ப் கசிகிறது.

இதனால்தான் தலைப்பில் சொன்னது. புது பெல்ட்டை 80,000 கி.மீ. ஓடிய டென்ஷனரில், அதாவது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையில், மாட்டினால், அந்த டென்ஷனர் பேரிங் 1,60,000 வரை ஓட வேண்டும். ஓடாது. பேரிங்கில் கிரீஸ் வற்றியதும் உருளை சூடாகி, பெல்ட்டின் முதுகை வதக்கி, கடைசியில் இறுகி நின்றுவிடும். அறுவது பெல்ட், காரணம் பேரிங். கழற்றிய பழைய டென்ஷனரைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் சுழற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் கிரீஸின் பிடிப்போடு ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். சத்தம் போட்டுக்கொண்டு பம்பரம் மாதிரி நீண்ட நேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் இல்லை. லேசாகச் சுழல்கிறது, நன்றாக இருக்கிறது என்று அதையே திரும்பப் போடுகிறவர்கள் நிறைய. அது நேர் எதிரான அடையாளம்.

ஆக, ஒரு தடவை திறந்தால் போட வேண்டியவை: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எத்தனை இருக்கிறதோ அத்தனையும், கேம் சீல், கிராங்க் முன் சீல், கம்பெனி புதுசு போடச் சொல்லியிருந்தால் கிராங்க் போல்ட். வாட்டர் பம்பை டைமிங் பெல்ட்டே சுற்றுகிற இன்ஜினாக இருந்தால் பம்பும் கூலன்ட்டும். கிட் ஆக வாங்குவது நல்லது. வாங்கும்போது பார்ட் நம்பரை இன்ஜின் நம்பரோடு ஒத்துப் பாருங்கள், பழைய பெல்ட்டோடு பல் எண்ணிக்கையையும் அகலத்தையும் எண்ணிப் பாருங்கள். மங்கலான அச்சு, தேதி இல்லாத டப்பா, டப்பாவே இல்லாமல் மடித்து ரப்பர் பேண்ட் போட்ட பெல்ட், இவை மூன்றும் வேண்டாம். பெல்ட்டை மடிக்கவோ, முறுக்கவோ, உள்பக்கத்தை வெளியே திருப்பவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி நார், மடித்த இடத்தில் முறியும், வெளியே எதுவும் தெரியாது.

இனி மாற்றும் முறை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்தியதைக் காலையில் பிரிப்பது சரி. பேட்டரி நெகடிவ்வைக் கழற்றுங்கள். ஃபேன், ஃபேன் பெல்ட், கவர்கள் வெளியே வந்ததும், கிராங்க் புல்லி போல்ட்டை லாக்கிங் பின் போடுவதற்கு முன்பே, புல்லியைப் பிடிக்கும் டூல் போட்டு இளக்கிக்கொள்ள வேண்டும். கிராங்க்கையும் கேமையும் சரியான இடத்தில் நிறுத்திவைக்கும் இந்த லாக்கிங் பின் இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். அதை நம்பி போல்ட்டை இழுத்தால் பின் முறியும், இல்லாவிட்டால் கேம் புல்லி வளையும். ஸ்பேனரை சேஸியில் முட்டுக்கொடுத்து செல்ஃப் அடித்து போல்ட்டை இளக்குகிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. கையும் போகும், டைமிங்கும் போகும்.

குளோ பிளக்குகளை (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்குகள்) கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது லேசாக இருக்கும். முதல் சிலிண்டரை கம்ப்ரஷனில் டாப்புக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, கொண்டுவந்து, கிராங்க், கேம் இரண்டிலும் பின் போடுங்கள். பெயின்ட்டால் கோடு போட்டு, அந்தக் கோட்டை வைத்துத் திரும்ப மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தாவியிருந்தால் உங்கள் கோடு அந்தத் தப்பை அப்படியே புது பெல்ட்டுக்கும் கொடுக்கும். சுற்றும்போது டாப்பைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். இன்னும் இரண்டு சுற்று முன்னால் சுற்றி வந்து நிறுத்துங்கள்.

பெல்ட் வெளியே வந்த பிறகு கிராங்க்கையோ கேமையோ தனியாகச் சுற்றக் கூடாது. கேமைத் திருப்பியே ஆக வேண்டுமென்றால், நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க்கை டாப்பிலிருந்து 90 டிகிரி தள்ளிவிடுங்கள். நாலு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், வால்வு தொடாது. மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய வண்டியில் பம்ப் புல்லிக்கும் தனி மார்க் உண்டு. பெல்ட்டை எடுத்ததும் சில பம்புகளின் ஷாஃப்ட் உள்ளே உள்ள ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தானாக ஒரு தள்ளு தள்ளி நகரும், அதையும் பின் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். பம்ப் பின்தங்கி நின்றால் காலையில் வெள்ளைப் புகை, கண் எரிச்சல், ஏற்றத்தில் இழுவை இல்லாமை. முந்தி நின்றால் டக் டக்கென்று கடினமான நாக்கிங்.

புது பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்கு வையுங்கள். கிராங்க்கில் தொடங்கி, இழுபடும் பக்கத்தைத் தொய்வில்லாமல் ஏற்றிக்கொண்டே போய், மிச்சமிருக்கும் தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும். கையால் ஏறாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. டென்ஷனரில் காட்டி இருந்தால் அதை வெட்டுக்கு நேராக நிறுத்தி டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். காட்டி இல்லாத பழைய வகையில், நீளமான பகுதியின் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகினால் சுமார் 90 டிகிரி வரை வர வேண்டும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. மேனுவல் வேறு முறை சொன்னால் அதுவே சரி. இறுக்கம் கூடினால் ஊளைச் சத்தம் கேட்கும், வாட்டர் பம்ப் பேரிங் சீக்கிரம் போகும். குறைந்தால் பெல்ட் கவரில் அடிக்கும், செல்ஃப் அடிக்கும்போது தாவும்.

எல்லாப் பின்களையும் எடுத்துவிட்டு, கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று போனால்தான் கேம் ஒரு சுற்று முடித்துத் தன் இடத்துக்கு வரும். பின்கள் திரும்பவும் தட்டாமல், திணிக்காமல் உள்ளே போக வேண்டும். டென்ஷனர் காட்டி இடம் மாறக் கூடாது. சுற்றும்போது நடுவில் இரும்பில் மோதியது மாதிரி கட்டென்று நின்றால் பலம் கொடுக்காதீர்கள், அது வால்வு. இந்த இரண்டு சுற்றைக் கண்ணால் பார்க்காமல் சாவியைப் போட விடாதீர்கள். பட்டறையில் உங்கள் வண்டி நிற்கிறது என்றால் இதற்காக மட்டும் அரை மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள்.

செயின் வண்டி வைத்திருப்பவர்களில் பலர், செயினுக்கு ஆயுசு இன்ஜின் ஆயுசு என்று நினைக்கிறார்கள். செயினுக்கு ஆயுசு ஆயிலின் ஆயுசு. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள முள் தேய்கிறது. 120 கண்ணி உள்ள செயினில் ஒரு இணைப்புக்கு 0.02 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 2.4 மி.மீ. அவ்வளவு தொய்வையும் டென்ஷனர் வெளியே நீண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் கம்பி முழு நீளத்துக்கும் வந்துவிட்ட பிறகு செயின் பிளாஸ்டிக் கைடை அடிக்கத் தொடங்கும். தேய்க்கிற பொருள் ஆயிலில் மிதக்கும் கரி. டீசலில் அது எப்போதும் உண்டு, ஆயிலை நீட்டி ஓட்டினால் கூடும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. புகைக் குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டரை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் விடும். ஊருக்குள்ளேயே பத்து நிமிஷம் ஓடி நிற்கிற வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நிற்கும், மிச்ச டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் ஆயில் குறையவே இல்லை என்று மகிழாதீர்கள். அது நீர்த்துப்போன ஆயில், செயின் முள்ளைக் காப்பாற்றாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை நாலுவழிச் சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்கு அதற்கென்று மேனுவல் சொல்லும் குறைந்த சாம்பல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கடையில் இருக்கிற 15டபிள்யூ-40 எல்லாம் ஒன்றல்ல.

செயின் சத்தத்தைக் கேட்க நல்ல நேரம் காலை முதல் ஸ்டார்ட். பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் நில்லுங்கள். இன்ஜின் பிடித்ததும் சர்ர்ரென்று, டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம் வந்து ஒன்றிரண்டு விநாடியில் அடங்கினால், ஆயில் அழுத்தத்தில் செயினை இறுக்கும் டென்ஷனருக்கு ஆயில் வந்து சேரத் தாமதம். உடனே செயினை மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் ஆயில் அளவு, அடுத்து ஆயில் ஃபில்டர். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், இன்ஜின் நின்ற பிறகு ஆயில் கீழே வடியாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. டூப்ளிகேட் ஃபில்டரில் அது இருக்காது, இருந்தாலும் பிடிக்காது. ஃபில்டரை மாற்றியதிலேயே சத்தம் போன வண்டிகள் உண்டு. சத்தம் ஐந்து விநாடிக்கு மேல் நீடித்தால், அல்லது இன்ஜின் சூடான பிறகு ஐடிலிலும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் கேட்டால், பிரிக்க வேண்டிய நேரம். ஸ்கேனரில் பி0016 வந்தால் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்லும் இடங்கள் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சென்சார், வயரிங், பல் சக்கரம் எல்லாம் பார்க்க வேண்டும்தான். ஆனால் இரண்டு சென்சாரை மாற்றியும் அதே கோட் திரும்பி வந்தால் மூன்றாவது சென்சார் வாங்காதீர்கள், டைமிங் கவரைத் திறங்கள்.

செயின் மாற்றும்போதும் செட்டாகவே மாற்றுங்கள்: செயின், இரண்டு முனை பல் சக்கரங்கள், கைடுகள், டென்ஷனர். தேய்ந்த பல்லில் புது செயின் உட்காராது. கைடு உடைந்திருந்தால் அதன் பிளாஸ்டிக் துண்டுகள் இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பில் கிடக்கும். சம்பைக் கழற்றி ஆயில் ஸ்ட்ரெயினரைப் பார்க்காமல் மூடினால், அந்தத் துண்டு வலையை அடைத்து, அடுத்து பேரிங் போகும். புது செயினில் நிறம் மாறிய கண்ணிகள் பல் சக்கர மார்க்கோடு சேர வேண்டும். கையால் இரண்டு சுற்று சுற்றிய பிறகு அந்த நிறக் கண்ணிகள் மார்க்கில் நிற்காது. பல சுற்று போனால்தான் திரும்ப வந்து சேரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பிரிக்க வேண்டாம், பல் சக்கரங்களின் மார்க்கும் லாக்கிங் பின்னும் சரியாக இருந்தால் போதும். கவருக்குப் போடும் பேஸ்ட் 3 மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து அதுவும் ஸ்ட்ரெயினருக்குத்தான் போகும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் வராதபடி செய்துவிட்டு, பத்துப் பத்து விநாடியாக இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்து ஆயில் பிரஷரை ஏற்றுங்கள். டென்ஷனர் நிரம்பாமல் ஸ்டார்ட் ஆனால் புது செயினே தாவலாம்.

ஓட்டுகிறவர்களுக்கு இரண்டே விஷயம். மலை இறக்கத்தில் லோடோடு நாலாவது கியரிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று இறக்காதீர்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறபோது பம்ப்போ கம்ப்யூட்டரோ அந்த வேகத்தைத் தடுக்க முடியாது. வால்வு ஸ்பிரிங் பின்தங்கினால் பெல்ட் நன்றாக இருந்தும் இடி விழும். ஏறிய கியரிலேயே, மெதுவாக இறங்குங்கள். இரண்டாவது, சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், டயருக்குக் கல், அதன் பிறகு கியர். கியரை மட்டும் நம்பி விட்டால் வண்டியின் பாரம் இன்ஜினைப் பின்னால் சுற்றப் பார்க்கும். ஆயில் வடிந்து தொய்ந்து நிற்கும் டென்ஷனரில் செயின் பல் தாவுவதற்கு அது போதும்.

அறுந்தே போன வண்டிக்கு வருகிறேன். புது பெல்ட்டை மட்டும் போட்டு ஓடுகிறதா பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் ஒரு சோதனை கேளுங்கள். டைமிங்கைச் சரியாக நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரஷனில் டாப்புக்குக் கொண்டுவந்து, குளோ பிளக் துவாரம் வழியாக கம்ப்ரசர் காற்றை விட வேண்டும். கிராங்க் உதறிச் சுற்றாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். காற்று ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் பிஸ்டனோ ரிங்கோ. ஒரு சிலிண்டரில் சீறினாலும் ஹெட் இறங்கத்தான் வேண்டும்.

ஹெட் இறங்கியதும் லேத் பட்டறையில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். வால்வுகளின் தண்டைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள், தலை தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும். இடி வாங்கிய வால்வை நிமிர்த்திப் போடுவது கூடாது, தலை பிறகு தனியாகக் கழன்று சிலிண்டருக்குள் விழும். கைடில் விரிசல், ராக்கரில் கீறல், கேமில் முறிவு பார்க்க வேண்டும். வால்வைத் தேய்த்து அதன் இருக்கையில் ஒட்டி உட்காரவைக்கும் லேப்பிங் முடிந்ததும் ஹெட்டின் போர்ட்டுகளில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் வால்வு ஓரத்தில் ஈரம் கசியக் கூடாது. பிளாக்கில் நாலு பிஸ்டனையும் டாப்பில் நிறுத்தி, எவ்வளவு மேலே துருத்துகிறது என்று டயல் கேஜில் அளந்தால் ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பது தெரியும்: அந்தக் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டின் தடிமனையும் இந்த அளவே முடிவு செய்கிறது. பல டீசல் கேஸ்கெட்டுகளில் விளிம்பில் உள்ள வெட்டு அல்லது துளை ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதே தடிமனுக்கான அடையாளம். பழையதில் எத்தனை என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். தடிமன் குறைந்ததைப் போட்டால், டைமிங் சரியாக இருந்தாலும் வால்வு பிஸ்டனைத் தொடலாம்.

வேலை முடிந்த அன்றைக்கே கிலோமீட்டரையும் தேதியையும் பெயின்ட் பேனாவால் கவரின் மேல் எழுதிவிடுங்கள். டிரைவர் மாறினாலும் வண்டி கைமாறினாலும் பில் தொலைந்தாலும் அது நிற்கும். 500 கி.மீ. ஓடிய பிறகு மேல் கவரைக் கழற்றி டென்ஷனர் காட்டியையும், சீல்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லா போல்ட்டையும் போட்டு மூடுங்கள்.